அப்பாவின் லோரிக் கதவு: வீட்டில் அச்சிட்ட டீக்கால்களில் நேர்ந்த பிழைகள்

1988-இல் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அப்பா தம்முடைய லோரியின் கதவில் சாய்ந்து நிற்கிறார். கரும்பச்சைக் கதவில் மஞ்சள் எழுத்தாக அவர் பெயரும் முகவரியும், அவற்றின் கீழே சரக்கு வண்டிகளில் எழுதியே தீரவேண்டிய சுமையோடு கூடிய எடையும் சுமையில்லா எடையும் இருக்கின்றன. ஓட்டுநர் அறையின் நெற்றிப் பலகையில் ‘முருகன் துணை’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அந்த வண்டியின் மாதிரியை 1/32 அளவில் செய்து, அப்பாவின் 75-ஆம் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வண்டிக்கு, பாகங்களை ஒட்டிச் செய்யும் ஜப்பானியக் கிட் ஒன்று கிடைத்தது. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் ஸ்டீயரிங்கை இடம் மாற்றும் வேலை இல்லாமற்போயிற்று. ஆனால் அந்தக் கதவின் எழுத்துகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே டீக்கால்களை, அதாவது தண்ணீரில் ஊறவைத்து மாதிரியின்மேல் வழுக்கி ஒட்டும் அச்சுப் படலங்களை, நானே அச்சிட்டேன். ஏழு தாள்கள் செலவாயின. ஏழாவதுதான் வண்டியில் ஏறியது. மற்ற ஆறும் எப்படிக் கெட்டன என்பதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. டீக்காலில் ஒரு பிழை கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் வேறொன்று. தண்ணீரில் இட்டதும் மை கரைந்தால், நாம் ஊறவைத்த நேரத்தைக் குறைத்துப் பார்க்கிறோம். உண்மையில் அது, மையைத் தண்ணீரிலிருந்து காக்க இரண்டு நாளுக்கு முன்பு அடித்த கிளியர் ஸ்ப்ரேயில் (நிறமற்ற மேற்பூச்சில்) நேர்ந்த குறை. இதை உணராமல் கடைசிப் படியையே மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்கு மூன்று தாள்களும் ஏறத்தாழ ஒரு மாதமும் போயின.

முதலில் தாளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அடியில் உறிஞ்சும் தன்மையுள்ள காகிதம், அதன்மேல் தண்ணீரில் இளகும் மாவுப்பசை, அதற்கும் மேல் மெல்லிய படலம் என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. நாம் அச்சிடுவது படலத்தின் மேல். ஊறவைத்தால் காகிதத்தின் வழியாகத் தண்ணீர் ஏறிப் பசையை இளக்குகிறது. படலம் தன்மேலுள்ள எழுத்தோடு வழுக்கி வருகிறது. படலமும் மையும் தண்ணீரைத் தாங்க வேண்டும், பசை மட்டும் தாங்கக்கூடாது. பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒழுங்கு எங்கோ தலைகீழானதால் வந்தவை.

முதல் தாளில் மை ஒட்டவே இல்லை. அச்சுப்பொறியிலிருந்து வெளியே வந்தபோது எழுத்துகள் வியர்வைத் துளிகளாகத் திரண்டிருந்தன. மறுநாள் காலையிலும் விரல் பட்டதும் வழிந்தன. நான் வாங்கியது லேசர் அச்சுக்கான தாள், என்னிடம் இருந்ததோ இங்க்ஜெட். இங்க்ஜெட் மை நீரால் ஆனது. அதைப் பிடித்து வைக்க ஒரு மேற்பூச்சு வேண்டும், லேசர் தாளின் படலத்தில் அது இல்லை. மாறாக இங்க்ஜெட் தாளை லேசர் பொறியில் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: டோனர் என்ற மைத்தூளைப் பதிக்கும் சூடான உருளையில் அந்தப் பூச்சு இளகி ஒட்டிப் பொறியையே கெடுத்துவிடக்கூடும். சரியான தாளிலும் மை இப்படித் திரண்டால், பின்பக்கத்தில் அச்சிட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். ஈரமான விரலால் ஓரத்தைத் தொட்டால் படலமுள்ள பக்கம் இலேசாகப் பிசுபிசுக்கும்.

வீணான லேசர் தாள் பொதியை வைத்துக்கொண்டு, ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டருகே உள்ள போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இது மெஷின் உள்ள ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பொதியின் மேல் லேசருக்கானது என்று அச்சிட்டிருந்ததைக் காட்டிய பிறகு ஒரே ஒரு தாளுக்கு ஒப்புக்கொண்டார். அந்தத் தாளில் டோனர் சில இடங்களில் பொடியாக உதிர்ந்தது; உருளையின் வெப்பம் படலத்துக்குப் போதவில்லை. தடித்த தாள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பொறி தாளை மெதுவாக இழுத்துக் கூடுதல் சூட்டைக் கொடுக்கும், அப்போது டோனர் நன்றாகப் பிடிக்கும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை; இரண்டாம் முறை கேட்கவும் மனம் வரவில்லை. டோனர் பிளாஸ்டிக் தூள் ஆகையால் தண்ணீரில் கரையாது, சிறிய எழுத்தும் கூர்மையாக வரும். இசைந்து கொடுக்கும் கடை ஒன்று உங்களுக்கு அமைந்தால் அந்த வழியே எளிது. நான் இங்க்ஜெட் தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மூன்றாம் தாளில் இரண்டு பிழைகள் ஒன்றாக வந்தன. அச்சிடும்போது ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற அமைப்பு தானாகவே தேர்வாகியிருந்ததால் எல்லாம் 97 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. கதவின் அகலம் 28 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் குறைகிறது. கதவுத் தகடு முழுவதையும் மூடவேண்டிய டீக்காலுக்கு அது மன்னிக்க முடியாத குறை. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து, அச்சிட்டதும் முதலில் அதைத்தான் அளக்கிறேன். இரண்டாவது பிழை மை அதிகமானது. பளபளப்பான புகைப்படத் தாள் என்ற அமைப்பில் பொறி ஏராளமான மையைக் கொட்டும், டீக்கால் படலமோ அவ்வளவை உறிஞ்சாது. சாதாரணத் தாள், உயர் தரம் என்று மாற்றியதும் எழுத்தின் ஓரங்கள் தெளிந்தன.

இனி ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளிலிருந்து வரும் குறிப்புகளில் “அரை மணி நேரம் காயவிடுங்கள்” என்று இருக்கும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்த அரை மணி நேரம் இங்கே ஒன்றுக்கும் உதவாது. மேலே காய்ந்ததுபோல் தோன்றும் மை அடியில் ஈரமாகவே இருக்கிறது, அதன்மேல் கிளியர் ஸ்ப்ரே அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடுகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அச்சிட்ட தாளை ஒரு முழு நாள் அதில் வைக்கிறேன். அச்சிடாத தாள்களும் அதே டப்பாவில்தான் இருக்கின்றன. வெளியே கிடந்த தாள் ஈரத்தை இழுத்து ஓரம் சுருண்டு, பொறியின் உருளையில் மாட்டிக்கொண்டதைக் கண்ட பிறகு வந்த பழக்கம் இது.

நான்காம் தாள்தான் என்னை அதிகம் வருத்தியது, அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுவே. அச்சு நன்றாக வந்திருந்தது, ஒரு நாள் காய்ந்தும் இருந்தது. மழை விட்ட ஒரு மாலையில் வீட்டு முன்புற நடைபாதையான ஐந்தடியின் ஓரமாக நின்று கிளியர் லேக்கரை அடித்தேன். கண்முன்னே கரும்பச்சை சாம்பல் பூத்தது. சில நிமிடங்களில் தாள் முழுவதும் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. ஸ்ப்ரே டப்பா பழையது என்று எண்ணிப் புதியது வாங்கி, அதே வாரத்தில் அதே நேரத்தில் அடித்தேன். அதே வெண்மை வந்தது. அது ஐந்தாம் தாள்.

காரணம் இதுதான். லேக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தாளின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, மேற்பரப்பு குளிர்கிறது. அது பனிநிலை வெப்பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்றிலுள்ள ஈரம் அங்கே நுண்துளிகளாகப் படிந்து, இன்னும் இளகியிருக்கும் லேக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை விட்ட மாலையில் வெப்பம் 28 பாகை, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் பனிநிலை 26 பாகையை ஒட்டி இருக்கும். மேற்பரப்பு இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும், வெளுத்துவிடும். வெயிலேறிய பிற்பகலில் 32 பாகையும் 60 விழுக்காடும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 23 பாகை. அங்கே ஒன்பது பாகை இடைவெளி இருக்கிறது. சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கிச் சன்னலருகே வைத்த பிறகு, மழையில்லாத நாளில் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரமே இங்கே ஸ்ப்ரே அடிக்க ஏற்றது என்று கண்டுகொண்டேன். குளிரூட்டிய அறைக்குள் அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்; அறை காய்ந்திருக்கும், ஆனால் மூடிய அறையில் அந்தப் புகையை மூச்சில் இழுப்பதும் அருகில் நெருப்பு இருப்பதும் ஆபத்து. தாளை மட்டும் குளிரூட்டிய அறையில் காயவையுங்கள். அடிப்பதற்கு முன்பு வெளியே கொண்டுவந்து கால் மணி நேரமாவது வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். குளிர்ந்த தாளை அப்படியே வெளியே எடுத்தால், ஸ்ப்ரே இல்லாமலே அதன்மேல் நீர் படியும்.

வெளுத்த தாளை உடனே எறிந்துவிட வேண்டாம். காய்ந்த ஒரு பிற்பகலில் அதன்மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால், புதிய கரைப்பான் பழைய பூச்சை இளக்கிச் சிக்கிய ஈரத்தை வெளியே விடுகிறது. ஐந்தாம் தாளில் பாதியை அப்படித்தான் தெளிய வைத்தேன். பின்னால் சோதனைகளுக்கு அது பயன்பட்டது.

பூச்சின் தடிமனிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பூச்சை ஈரமாகக் கனமாக அடித்தால் கரைப்பான் மையையே கரைத்து எழுத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையத்தை உண்டாக்குகிறது. முதல் இரண்டு பூச்சுகளும் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பனித்தூவல் போல விழ வேண்டும். தாள் நனைந்ததுபோல் பளபளக்கக்கூடாது. மூன்றாவதுதான் சற்று முழுமையான பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி நேரமும், கடைசியில் ஒரு முழு நாளும் விடுகிறேன். பூச்சு குறைந்தால் தண்ணீரில் மை கசியும், அல்லது வழுக்கும்போது டீக்கால் கிழியும். கூடினால் படலம் விறைத்து, கதவின் மடிப்புகளில் படியாமல் வெடித்துவிடும். எது போதுமானது என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. ஆகையால் தாளின் ஓரத்தில் வேண்டாத நாலு எழுத்துகளைக் கூடவே அச்சிட்டு, அவற்றை முதலில் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன்.

வெள்ளை நிறம் தனிச் சிக்கல். நம் வீட்டு அச்சுப்பொறிகளில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெண்மைதான் வெள்ளை. உலர்ந்த மை நாடாவால் வெள்ளையையும் உலோக நிறங்களையும் அச்சிட்ட ஜப்பானின் ஆல்ப்ஸ் எம்.டி. வரிசைப் பொறிகளுக்காக மாதிரி செய்வோர் இன்றும் ஏங்குகிறார்கள், ஆனால் அவற்றின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. மற்ற மைகள் கண்ணாடிபோல ஒளியை ஊடுருவ விடுபவை. ஒளிபுகும் தாளில் மஞ்சளை அச்சிட்டுக் கரும்பச்சைக் கதவில் ஒட்டினால் எழுத்து இருக்கும் இடமே தெரியாது. நான்காம் தாளுக்கு முன்பு சோதனைக்காக ஒட்டிப் பார்த்ததில் இதைக் கண்டேன். வெள்ளைப் படலமுள்ள தாளில் மஞ்சள் எழுத்தை மட்டும் அச்சிட்டால் ஒவ்வொரு எழுத்தையும் அதன் ஓரம் பார்த்து வெட்ட வேண்டும். 2 மில்லிமீட்டர் எழுத்தில் அது மனிதக் கைக்கு இயலாது.

எனவே கதவு முழுவதையும் அதன் பச்சையோடு சேர்த்தே வெள்ளைத் தாளில் அச்சிட்டேன். டீக்காலின் ஓரம் கதவின் இடுக்குக் கோட்டில் முடிவதால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. அச்சுப் பச்சை வண்ணப்பூச்சின் பச்சையோடு பொருந்த வேண்டுமே என்று எவருக்கும் கவலை வரும், எனக்கும் வந்தது. பல நாட்கள் கணினியில் பச்சையைத் திருத்திக்கொண்டிருந்த பிறகுதான் வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்று புரிந்தது. பன்னிரண்டு பச்சைக் கட்டங்களை டீக்கால் தாளிலேயே அச்சிட்டு, கிளியரும் அடித்து (கிளியர் அடித்ததும் நிறம் சற்று ஆழ்ந்துவிடும்), புகைப்படத்துக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டத்துக்கு ஈடாக வண்ணப்பூச்சைக் கலந்தேன். கிண்ணத்தில் ஒரு சொட்டு மஞ்சளோ கறுப்போ சேர்ப்பது அச்சுப்பொறியோடு மல்லாடுவதைவிட நூறு மடங்கு எளிது. வண்டியின் மற்றப் பகுதிகளுக்கு அந்தக் கலவையையே அடித்தேன். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டையும் அதே வண்ணத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு மறைத்தேன். வெட்டிய ஓரத்தில் மை திறந்தே இருப்பதால் தண்ணீர் அங்கேதான் முதலில் புகும். ஊறவைப்பதற்கு முன்பு ஓரங்களில் கிளியரைத் தடவி உலரவிடுவதும் அவசியம்.

எண் பலகைகளுக்கு இந்த வழி இயல்பாகவே பொருந்துகிறது, ஏனென்றால் நம் நாட்டு வண்டிகளில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. டாக்சி செய்கிறவர்களுக்கு அது வெள்ளையில் கறுப்பு. விதிப்படி எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1/32-இல் அவை 2.2 மில்லிமீட்டரும் 0.31 மில்லிமீட்டரும் ஆகின்றன. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற கணக்கில் அந்தக் கோட்டுக்கு ஏழு புள்ளிகள் கிடைக்கும். ஏட்டில் அது போதும். தாளில் சுற்றியுள்ள கறுப்பு மை இருபக்கமும் பரவிக் கோட்டை நெரித்துவிடுகிறது. எட்டு மூன்றைப்போலத் தெரிகிறது. கோட்டை 0.4 மில்லிமீட்டராகத் தடித்து வரைந்ததும், கறுப்பை எல்லா வண்ணங்களின் கலவையாக அல்லாமல் கறுப்பு மையால் மட்டும் அச்சிட்டதும் அது சீரானது.

நெற்றிப் பலகைக்குத் தமிழ் எழுத்து வேண்டும். என்னிடமிருந்த எழுத்துரு ஒன்றில் ‘முருகன் துணை’ என்று தட்டி அப்பாவிடம் தாளில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, ணை இப்படி இருக்காதே” என்றார். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. பலகை எழுதியவர் பழைய முறைப்படி, யானைத் துதிக்கை மேலேறி வளைவதுபோல அந்த ணையை எழுதியிருந்தார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்ட பிறகு ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்கள் அச்சிலிருந்து மெல்ல மறைந்தன. ஆனால் பழைய பலகை எழுத்தாளர்களின் கை அவற்றை உடனே விட்டுவிடவில்லை. என் கணினியின் எழுத்துருக்களில் அந்த வடிவம் இல்லை. ஆகவே புகைப்படத்தைத் திரையில் அடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் கோடுகளாக வரைந்தேன். அது ஒருவிதத்தில் நன்மையாகவே முடிந்தது: எழுத்துருவாக இருந்திருந்தால் அச்சிடும் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் பிரிந்து சிதறும். எழுத்துருவைப் பயன்படுத்துகிறவர்களும் அச்சுக்கு முன்பு எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றிவிட வேண்டும். சிறிய அளவில் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபடும். அவற்றை மூலத்தைவிடச் சற்று அகலமாக வரைந்தால்தான் அச்சில் மூலத்தைப்போல் தோன்றும்.

ஆறாம் தாள் எல்லாவற்றையும் தாண்டி, வண்டியில் ஏறிய பிறகு கெட்டது. கதவில் ஒட்டிய மறுநாள் எழுத்தின் அடியில் வெள்ளி மினுங்குவதுபோல் திட்டுகள் தெரிந்தன. நான் வண்ணத்தைப் பளபளப்பில்லாத மேற்பரப்பாக விட்டிருந்தேன். கண்ணுக்கு மென்மையாகத் தெரியும் அந்தப் பரப்பு உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தது. படலம் மேடுகளில் தங்கிப் பள்ளங்களில் காற்றை அடைத்துவிடுகிறது, அந்தக் காற்றுதான் மினுங்குகிறது. டீக்காலுக்கு முன்பு பளபளப்பான கிளியர் பூச வேண்டும், ஒட்டி முடித்த பிறகு பளபளப்பில்லாத கிளியர் அடித்துக்கொள்ளலாம். மிஸ்டர் மார்க் சாஃப்டர், மைக்ரோ சோல் போன்ற இளக்கிகள் கடையில் வரும் மெல்லிய டீக்கால்களை நொடியில் படிய வைக்கும். லேக்கர் பூசிய வீட்டு டீக்கால் தடிமனானது, அவ்வளவு எளிதில் இணங்காது. ஒரு துளி வைத்து, முழுவதும் காயவிட்டு, மறுபடியும் ஒரு துளி என்று நாலைந்து முறை செய்தேன். சுருக்கம் விழும்போது கை வைக்காதீர்கள். அது தானே இறுகும். அடைபட்ட காற்று இருக்கும் இடத்தில் ஊசிமுனையால் குத்தி அங்கே இளக்கியை விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறாம் தாளில் அதற்கும் அடங்காத அளவுக்குத் திட்டுகள் இருந்தன.

ஊறவைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நொடி, பிறகு ஈரத் துணியின்மேல் ஓரிரு நிமிடம். தண்ணீரிலேயே மிதக்கும்வரை விட்டால் பசை கழுவிக்கொண்டு போய்விடும். விரலால் தொட்டதும் அசைந்தால் எடுக்கலாம். அசையாவிட்டால் காத்திருங்கள், தள்ள வேண்டாம்.

ஏழாம் தாளின் கதவுகள் இரண்டும் ஒரே நாளில் படிந்தன. பிறந்தநாளன்று வண்டியைக் கையில் எடுத்த அப்பா, முதலில் நெற்றிப் பலகையைத்தான் கண்ணருகே கொண்டுபோனார். ணையின் வளைவை ஆள்காட்டி விரலால் காற்றில் ஒருமுறை வரைந்து பார்த்தார். பிறகு அதைச் சன்னலோரத் தட்டில், சாலை தெரியும்படி வைக்கச் சொன்னார். என் அச்சுப்பொறியின் மை சாய மை, வெயில் பட்டால் வெளுக்கும் என்று சொல்லி, ஒளி நேரே விழாத கூடத்து அலமாரியில் வைத்தேன். சன்னலோரத்துக்கென்று, வெயிலைத் தாங்கும் நிறமி மையில் அச்சிட்டு இன்னொரு வண்டி செய்துகொண்டிருக்கிறேன். அதற்கான எட்டாம் தாள் இப்போது டப்பாவில் காய்ந்துகொண்டிருக்கிறது.